மாத மடலில் எந்தப் பிள்ளையின் பெயரைப் போடுவது?

மடல் எழுதும் டீச்சர் கேட்டது:

அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓர் இஸ்லாமியப் பள்ளியில் மொழிப்பாட ஆசிரியை. காலையில் முதல் ஒன்றரை மணி நேரம் குர்ஆன் வகுப்பு, அப்புறம் எல்லாப் பள்ளிகளையும் போல கணக்கு, அறிவியல், மொழி, நடுவில் லுஹர் ஜமாஅத் (நண்பகல் கூட்டுத் தொழுகை). மாதா மாதம் பெற்றோருக்கு நான்கு பக்க மடல் ஒன்று அனுப்புகிறோம். "உங்களுக்குத்தான் நன்றாக எழுத வருமே" என்று சொல்லி இரண்டு வருடத்துக்கு முன் அதை என் தலையில் கட்டினார்கள். அந்த மாதம் என்னென்ன நடந்தது, யார் எத்தனை சூரா (குர்ஆன் அத்தியாயம்) மனனம் செய்தார்கள், கிராஅத் (குர்ஆன் ஓதும்) போட்டியில் யார் முதலிடம், பரீட்சையில் யார், அடுத்த மாதத் தேதிகள். இவ்வளவுதான். மாதக் கடைசி வாரம் மட்டும் தூக்கம் போகும், மற்றபடி பிடித்த வேலைதான்.

போன வாரம் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று மடலை மேசையில் விரித்து, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா தேடுகிறாய் என்றேன். "என் பேர் எந்த மாசம் வரும் டீச்சர்?" என்றாள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் முறை வைத்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள்! எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவு இதுவரை வந்த 20 மடல்களையும் எடுத்து வைத்து எண்ணினேன். பள்ளியில் 240 பிள்ளைகள். பெயர் வந்தது 63 பேருக்கு. அதிலும் 11 பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள், ஒரு பையன் மட்டும் 14 தடவை. மீதி 177 பிள்ளைகளும் இரண்டு வருடமாக இந்தப் பள்ளியில்தான் ஓதுகிறார்கள், தொழுகிறார்கள், படிக்கிறார்கள். மடலைப் பார்த்தால் அவர்கள் இருப்பதே தெரியாது.

சரி, எல்லோரையும் சேர்க்கலாம் என்று யோசித்தால் இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஒரு தகப்பனார், "வணக்கத்தையெல்லாம் அச்சில் போட்டு முகஸ்துதி (பிறர் பார்க்க வணங்குவது) கற்றுக்கொடுக்கிறீர்கள்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நிர்வாகம் தொழுகை அட்டவணை, நோன்பு அட்டவணை எல்லாம் வைத்து 'மாதத்தின் சிறந்த மாணவர்' என்று படத்தோடு போடச் சொல்கிறது. ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) வகுப்பிலிருந்து எனக்கு வருவது வெறும் எண்ணிக்கை, அதன் பொருள் எனக்கே சரியாகப் புரிவதில்லை.

இந்த மாதிரி மடலோ பதிவேடோ பார்த்துக்கொள்கிறவர்கள், ஓதிக்கொடுக்கிறவர்கள், பெற்றோர், யாராக இருந்தாலும் சொல்லுங்கள். மாதச் சாதனை என்று எதைத்தான் எழுதுவது?


ஹிஃப்ழ் உஸ்தாத்:

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. ஹிஃப்ழ் விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதல் வேலையாக சூராக்களை எண்ணுவதை நிறுத்துங்கள். மதீனா முஸ்ஹஃபை, அதாவது பக்கத்துக்கு 15 வரி உள்ள குர்ஆன் பிரதியைத் திறந்து பாருங்கள். கடைசி 12 சூராக்களும் சேர்ந்து நான்கே பக்கம், 601 முதல் 604 வரை. அல்பகரா என்ற ஒரே சூரா 48 பக்கம், 286 வசனம். அல்பகராவில் 30 பக்கம் தாண்டி நிற்கிற பையன் உங்கள் மடலில் 'சூரா: 0'. அவனுடைய தங்கை 'சூரா: 12'. வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஜுஸ்உ (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) கணக்கும் அப்படித்தான் ஏமாற்றும். கடைசிப் பாகமான அம்ம ஜுஸ்உவில் 37 சூராக்கள் இருந்தாலும் பக்கம் 23தான். சின்னப் பிள்ளைகள் அங்கிருந்து ஆரம்பிப்பதால் முதல் வருடம் எண்ணிக்கை குவியும், அப்புறம் திடீரென்று வற்றிவிடும். பிள்ளை சோம்பலாகிவிட்டான் என்று பெற்றோர் என்னிடம் சண்டைக்கு வருவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

பக்கக் கணக்காவது நேர்மையாக இருக்குமா என்றால், அதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மொத்தம் 604 பக்கம். மாதத்துக்கு 20 வகுப்பு நாள், நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் மாதம் ஒரு ஜுஸ்உ, இரண்டரை வருடத்தில் ஹாஃபிழ் (முழுக் குர்ஆனையும் மனனம் செய்தவர்) ஆகிவிடலாம். இது காகிதத்தில். ஆனால் மனனம் செய்த பக்கம் பெட்டியில் வைத்துப் பூட்டிய பொருள் இல்லையே. "குர்ஆனைப் பேணி வாருங்கள், கட்டப்பட்ட ஒட்டகம் கயிற்றிலிருந்து நழுவுவதைவிட வேகமாக அது நழுவிவிடும்" என்ற கருத்தில் வரும் ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. அதனால்தான் புதுப் பாடம் கொடுக்கும்போதே அந்த வாரம் ஓதியதையும் கேட்கிறோம், பழைய ஜுஸ்உவையும் கேட்கிறோம். பத்து ஜுஸ்உ கையில் இருக்கிற பிள்ளை நாளுக்கு ஒரு ஜுஸ்உ தவ்ர் (பழையதைத் திரும்ப) ஓதினால் பத்து நாளில் ஒரு சுற்று வந்துவிடுவான். முப்பதும் முடித்தவனுக்கு அதே வேகத்தில் ஒரு சுற்று முடிய ஒரு மாதம் ஆகும். மேலே போகப் போகப் பழைய பாரம் கூடிக்கொண்டே போகிறது, புதுப் பாடத்துக்கு மிஞ்சும் நேரம் குறைகிறது. 22ஆவது ஜுஸ்உவில் இருக்கிறவன் ஒரு மாதம் முழுக்கப் புதிதாக நான்கு பக்கம்தான் ஒப்பித்திருப்பான், ஆனால் தினமும் 20 பக்கம் பார்க்காமல் ஓதிக் காட்டியிருப்பான். உங்கள் மடலில் அவன் 'நான்கு பக்கம்'.

என் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது ஜுஸ்உ முடித்தான், விழா, படம், மடலில் முழுப் பக்கம். ஆறு மாதம் கழித்து ஐந்தாவது ஜுஸ்உவை ஓதச் சொன்னேன், இரண்டாவது பக்கத்திலேயே நின்றுவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். முடித்த அன்றோடு எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்டோம், நான் உட்பட.

ஆகவே என் ஆலோசனை, புதிது எவ்வளவு என்பதோடு 'ஒரே அமர்வில் எவ்வளவு ஓதிக் காட்டினார்' என்பதையும் கேட்டு வாங்குங்கள். மூன்று ஜுஸ்உவை ஒரே அமர்வில் தடுமாறாமல் ஓதிய பிள்ளை எங்களுக்குப் பெரிய ஆள். இன்னொன்றும் உண்டு, வெளியே தெரியாத சாதனை. ஒரே மாதிரி வரும் வசனங்களில் வழி மாறிப் போகாமல் இருப்பது. அல்அன்ஆம் 151இல் "நஹ்னு நர்ஸுகுகும் வஇய்யாஹும்" என்று வரும், அல்இஸ்ரா 31இல் "நஹ்னு நர்ஸுகுஹும் வஇய்யாகும்". முதலாவதில் 'உங்களுக்கும் அவர்களுக்கும்', இரண்டாவதில் 'அவர்களுக்கும் உங்களுக்கும்'. ஓர் இடத்தில் இருக்கிற வறுமையால் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்றும், இன்னோர் இடத்தில் வறுமை வந்துவிடுமோ என்ற அச்சத்தால் கொல்லாதீர்கள் என்றும் வருகிறது, வரிசை மாறுவதற்கு அதைத்தான் காரணமாக விளக்குவார்கள். ஒரு பெண் பிள்ளை இதை நாலு மாதமாக மாற்றி மாற்றி ஓதிக்கொண்டிருந்தாள், பொருளைச் சொல்லிக்கொடுத்த பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த மாதம் அவள் புதிதாக எதுவும் ஒப்பிக்கவில்லை. எனக்கு அந்த மாதத்தின் பெரிய செய்தி அதுதான், யாரும் என்னிடம் கேட்கவில்லை.


மூன்று பிள்ளைகளின் உம்மா:

உஸ்தாத் சொன்னது எனக்கே புதிது, என் பெரியவனை இந்தப் பக்கக் கணக்கை வைத்துத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஜஸாகல்லாஹு கைரன்.

டீச்சர், நான் தொழுகை அட்டவணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். 'இந்த மாதம் ஒரு வக்துகூட விடாமல் தொழுதவர்' என்று பட்டியல் போட்டால், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் யாருமே அதில் வர முடியாது. மாதத்தில் சில நாள் தொழுகை அவர்களுக்கு இல்லை, அது மார்க்கமே கொடுத்த விலக்கு. ஒன்று, அந்தப் பிள்ளைகள் மொத்தமாக வெளியே நிற்க வேண்டும், இல்லையென்றால் பொய்யாக நட்சத்திரம் ஒட்ட வேண்டும். என் மகள் படித்த பழைய பள்ளியில் வகுப்புச் சுவரிலேயே அட்டவணை தொங்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த வாரம் கட்டம் காலி என்று பையன்கள் உட்பட எல்லோரும் பார்க்கலாம். என் மகள் என்னிடம் சொல்லவே மூன்று மாதம் ஆனது. அவள் எல்லாக் கட்டத்திலும் ஒட்டிவிட்டு, பிறகு பொய் சொன்ன பாவம் என்று இரவில் அழுதிருக்கிறாள். அட்டவணை போட்ட ஆசிரியை கெட்டவர் கிடையாது, யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நோன்பும் அதே கதைதான். சர்க்கரை நோய் உள்ள பிள்ளை, மருந்து சாப்பிடுகிற பிள்ளை, பயணத்தில் இருந்த பிள்ளை. 'முப்பதும் பிடித்தவர்கள்' பட்டியலைப் பார்த்துவிட்டு மருந்தை ஒளித்து வைத்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

அப்புறம் படம். பெற்றோரிடம் வருட ஆரம்பத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதாது, பிள்ளையிடமும் கேளுங்கள். பத்து வயதில் சம்மதித்த பெண் பிள்ளை பதின்மூன்றில் வேண்டாம் என்பாள். அவள் எழுதிய எழுத்தணியையோ, வரைந்ததையோ படம் எடுத்துப் போடுங்களேன், அது இன்னும் அழகாக இருக்கும்.


பெயர் வேண்டாதவர்:

டீச்சரிடம் பேசிய அந்தத் தகப்பனார் நானாக இருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவர் பக்கம்தான் நான். பெயரே வேண்டாம். நபி (ஸல்) அவர்கள் முன்னிலையில் ஒருவர் இன்னொருவரைப் புகழ்ந்தபோது "உன் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டாயே" என்றார்கள். அபூபக்ரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பெரியவருக்கே இந்த நிலை என்றால் எட்டு வயதுப் பிள்ளை என்ன ஆகும்? 14 தடவை பெயர் வந்த பையன் என்று எழுதியிருக்கிறீர்களே, 15ஆவது மாதம் அவன் பெயர் வராவிட்டால் ஓதுவானா என்று யோசித்தீர்களா?

'இந்த மாதம் எங்கள் பிள்ளைகள் இவ்வளவு ஓதினார்கள், இவ்வளவு படித்தார்கள்' என்று பொதுவாக எழுதுங்கள். போதும்.


பழைய மாணவன்:

மேலே சொன்ன சகோதரரின் 15ஆவது மாதக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் பெயரே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, காரணம் என் சொந்தக் கதை.

எனக்குத் திக்குவாய். இப்போதும் கொஞ்சம் உண்டு. மதரஸாவில் என் முறை வரும்போது மற்றப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், சிரிப்பை அடக்க. 'காஃப்' என்ற எழுத்து வரும் இடத்தில் நான் நின்றால் அப்படியே நின்றுவிடுவேன். ஓர் உஸ்தாத் இருந்தார். குர்ஆனைத் திறமையாக ஓதுபவர் கண்ணியமான வானவர்களோடு இருப்பார், திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதோடு விட்டுவிடவில்லை. ராகம் போட்டு நீட்டும்போது எனக்குத் திக்குவதில்லை என்பதைக் கண்டுபிடித்து, என்னைப் பாங்கு (தொழுகை அழைப்பு) சொல்ல வைத்தார். மூன்று மாதம் பள்ளி முடிந்த பிறகு காலி அறையில் பயிற்சி. அந்த மாத அறிவிப்புப் பலகையில் 'இந்த மாதம் லுஹருக்குப் பாங்கு சொன்னவர்' என்று என் பெயரை எழுதினார்கள். ஒரே வரி. முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. என் வாப்பா அதைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்.

அது முகஸ்துதியா? எனக்குத் தெரியவில்லை. அல்பகரா 271ஆவது வசனம் தர்மத்தை வெளிப்படையாகச் செய்தாலும் நல்லது என்கிறது, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது இன்னும் மேல் என்கிறது. வெளிப்படையாகச் செய்வதை அது தடுக்கவில்லையே. மறைக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது என்று பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவில் எழுந்து தொழுத பிள்ளையை அச்சில் போடாதீர்கள், சரி. பாங்கு சொல்வதே ஊருக்குக் கேட்கத்தானே.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். அபஸ சூராவை எல்லாப் பிள்ளைகளுக்கும் மனனம் செய்ய வைக்கிறோம், 42 வசனம். அது எதற்காக இறங்கியது? நபி (ஸல்) அவர்கள் பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஓடி வந்த, அதனால் முகம் திருப்பப்பட்ட பார்வையற்ற ஒருவருக்காக. அந்த இப்னு உம்மி மக்தூம் (ரலி) பின்னால் பிலால் (ரலி) அவர்களோடு நபியின் முஅத்தினாகவே (பாங்கு சொல்பவராகவே) இருந்தார். நோன்பு வைப்பவர்கள் அவர் பாங்கு சொல்லும் வரை உண்ணலாம் பருகலாம் என்று ஹதீஸே இருக்கிறது. மடல் யார் பக்கம் முகத்தைத் திருப்புகிறது என்று டீச்சர் எண்ணிப் பார்த்ததே பெரிய காரியம் என்பேன்.


பெயர் வேண்டாதவர்:

உங்கள் கதை என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது, மறைக்க மாட்டேன். ஆனால் அதில் உங்களைப் புகழவில்லை, கவனித்தீர்களா? நீங்கள் செய்த வேலையை எழுதினார்கள். 'சிறந்த' என்ற சொல் இல்லை. அப்படி எழுதுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'மாதத்தின் சிறந்த மாணவர்' வேண்டவே வேண்டாம், அதில் நான் மாற மாட்டேன்.


கணக்கு வாத்தியார்:

எல்லோரும் ஹிஃப்ழ், தொழுகை என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், மதியம் நடக்கும் பாடத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை, வழக்கம்போல. நானும் இஸ்லாமியப் பள்ளியில்தான் வேலை செய்கிறேன். ஓதுவதில் பின்தங்கிய பையன் ஒருவன் பின்னத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவான், அவன் பெயர் எங்கும் வராது, ஏனென்றால் மடலின் முதல் மூன்று பக்கமும் குர்ஆன் வகுப்புக்கு, மீதி இடத்தில் பரீட்சையில் முதல் மூன்று இடம். நான் புலம்பும்போதெல்லாம் சொல்வது இது: அன்தலூசைச் (முஸ்லிம் ஸ்பெயின்) சேர்ந்த நீதிபதி அபூபக்ர் இப்னுல் அரபி, பிள்ளைகளுக்கு முதலில் அரபி மொழியும் கவிதையும், அடுத்து கணக்கு, அதன் பிறகே குர்ஆன் என்று வரிசை சொன்னார், அப்போதுதான் ஓதுவது புரியும் என்று. 14ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் அதை எடுத்து எழுதி, நல்ல யோசனைதான், ஆனால் வழக்கம் இடம் கொடுக்காது என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து கணக்கு வாத்தியார் காத்திருக்கிறார்.

விளையாட்டு போதும். அதே இப்னு கல்தூன், பிள்ளைகளைக் கடுமையாக நடத்தினால் அவர்கள் பொய்யும் நடிப்பும் கற்றுக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது அடியைப் பற்றி. நட்சத்திர அட்டவணையிலும் அதே கதை நடக்கிறது என்று மேலே அந்த உம்மா சொன்னதைப் படித்ததும் தோன்றியது.

டீச்சருக்கு இரண்டு யோசனை. பரீட்சைப் பகுதியில் இடம் எழுதுவதை விட்டுவிட்டு, போன மாதத்தைவிட எவ்வளவு ஏறினார்கள் என்று பாருங்கள். 92இலிருந்து 94க்குப் போனவனைவிட 31இலிருந்து 52க்கு வந்தவன் அதிகம் உழைத்திருக்கிறான். ஆனால் மதிப்பெண்ணை அச்சிடாதீர்கள், 31 வாங்கியவன் என்று ஊருக்குச் சொன்னது போல ஆகிவிடும். என்ன கற்றான் என்று எழுதுங்கள், 'மீதி வரும் வகுத்தலைக் கடைசிவரை தானே போடக் கற்றுக்கொண்டார்' என்கிற மாதிரி.

இரண்டாவது, மாதம். உங்கள் மடல் எந்த மாதக் கணக்கில் வருகிறது? ஜனவரி, பிப்ரவரி என்றால் போன வருட மடலை வைத்து இந்த வருடத்துக்குத் திட்டம் போட முடியாது. பிறைக் கணக்கில் வரும் ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள், அதனால் ரமலான் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், ஒரு முழுச் சுற்று வர 33 வருடம் போல ஆகும். 2030இல் ரமலான் இரண்டு தடவை ஆரம்பிக்கும், ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று. நிர்வாகத்திடம் இப்போதே சொல்லி வையுங்கள், பரீட்சை அட்டவணை போடுகிறவர்கள் அன்றைக்கு முழிப்பார்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், ஒவ்வொரு ஹிஜ்ரி மாதமும் 29ஆம் நாள் மாலை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மேற்கு வானத்தைப் பார்த்து, பிறை தெரிந்ததா, மேகமா, எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் என்று ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். வீட்டிலிருந்தே பார்த்தாலும் சரி. மடலின் முதல் வரி அதுதான்: 'இந்த மாதப் பிறையைப் பார்த்தவர்கள்' என்று பெயர்கள். இதில் முதலிடம் கிடையாது, வானத்தைப் பார்த்தால் போதும். அறிவியலும் அதில் வந்துவிடுகிறது, மார்க்கமும் வந்துவிடுகிறது. ஒரு தடவை மேகம் மூடி யாருக்கும் தெரியவில்லை, 'யாரும் பார்க்கவில்லை, மாதம் 30 நாள்' என்று அச்சிட்டோம், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப் போனது.


மடல் எழுதும் டீச்சர்:

எல்லோருக்கும் ஜஸாகுமுல்லாஹு கைரன். இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. பிறை நோட்டை நான் அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறேன் வாத்தியார், கோபப்படாதீர்கள்.

தொழுகை அட்டவணை விஷயத்தில் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. நானும் ஒரு பெண்தான், எனக்கே தோன்றவில்லை. நேற்று மேல் வகுப்பு ஆசிரியைகள் இருவரிடம் சொன்னேன், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் இருந்ததை அன்றே கழற்றிவிட்டோம்.

உஸ்தாத், ஒரு சந்தேகம். ஒரே அமர்வில் ஓதிக் காட்டியதை எழுதச் சொன்னீர்கள். அதுவும் நாளைக்கு இன்னொரு போட்டியாக மாறாதா? அவன் மூன்று ஜுஸ்உ, நான் இரண்டுதானா என்று?


ஹிஃப்ழ் உஸ்தாத்:

மாறும். மாறாமல் இருக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். ஓதுகிறவரின் பெயரோடு கேட்டவரின் பெயரையும் எழுதுவோம். பக்கத்தில் உட்கார்ந்து முஸ்ஹஃபைப் பார்த்துக்கொண்டு 60 பக்கத்தைக் கேட்பதும் சின்ன வேலை இல்லை, கண் எடுக்கவே முடியாது. மனனத்தில் மெதுவாகப் போகிற பிள்ளைகள் சிலர் கேட்பதில் கெட்டிக்காரர்கள், ஒரு மத்து (நீட்டி ஓதுவது) குறைந்தாலும் பிடித்துவிடுவார்கள். 'இன்னார் ஓத இன்னார் கேட்டார்' என்று இரண்டு பெயர் வந்தால் அது ஜோடி வேலையாகிவிடுகிறது. "உங்களில் சிறந்தவர் குர்ஆனைக் கற்று, கற்றுக்கொடுப்பவர்" என்ற ஹதீஸில் இரண்டு வேலை சொல்லப்படுகிறது, நாம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பரிசு கொடுக்கிறோம்.

வீட்டில் உம்மா கேட்டாலும் எழுதுங்கள். ஓதத் தெரியாத உம்மா ஒருவர் மகனின் ஓதலைக் கேட்பதற்காகவே எழுத்துக்கூட்டி ஓதக் கற்றுக்கொண்டார், எங்கள் பள்ளியில் நடந்தது.


மூன்று பிள்ளைகளின் உம்மா:

அந்த உம்மா இப்போது எந்த ஜுஸ்உவில் இருக்கிறார்?


ஹிஃப்ழ் உஸ்தாத்:

மகன் அல்கஹ்ஃபில் நிற்கிறான், அவர் அல்பகராவைப் பார்த்து ஓதி முடித்துவிட்டார்.


மடல் எழுதும் டீச்சர்:

இந்த மாத மடல் போய்விட்டது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். 'சிறந்த மாணவர்' பகுதியை நிர்வாகம் விடவில்லை, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள், படம் இல்லாமல் போட மட்டும் ஒத்துக்கொண்டார்கள். சூரா எண்ணிக்கை போயிற்று. ஓதியவர், கேட்டவர் என்று 18 ஜோடி. பிறை பார்த்தவர்கள் 41 பேர், அதில் நான்கு பேர் வெள்ளிக்கிரகத்தைப் பார்த்துவிட்டுப் பிறை என்று எழுதியிருந்தார்கள், அதையும் அப்படியே போட்டேன். கணக்குப் பாடத்திலிருந்து மூன்று வரி வாங்கவே நான்கு நாள் பின்னால் அலைந்தேன், உங்கள் இனத்தவர் எழுதித் தர மாட்டார்கள் போல வாத்தியார்.

எண்ணிப் பார்த்தேன். இதுவரை பெயரே வராத பிள்ளைகளில் 52 பேர் இந்த ஒரு மடலில் வந்திருக்கிறார்கள்.

அந்த நான்காம் வகுப்புப் பிள்ளையின் பெயரும் வந்தது. அக்கா ஓத அவள் கேட்டிருக்கிறாள், தபாரக்க சூரா. மடலைக் கொண்டு போய் நானே காட்டினேன். பார்த்துவிட்டு, "கேட்டவர்னு போட்டிருக்கே டீச்சர், அடுத்த மாசம் ஓதினவர்ல வருமா?" என்றாள்.